அழகர் வரும் பாதையில் நீர்மோர்ப் பந்தல்

மதுரையில் சித்திரைத் திருவிழாவுக்கு முதன்முதலாக நீர்மோர்ப் பந்தல் போடுகிறவர்களிடம் பேசினால், பேச்சு முழுக்க மோரைப் பற்றித்தான் இருக்கும். தயிர் எங்கே வாங்குவது, இஞ்சி எவ்வளவு, மாங்காய் துருவிப் போடலாமா என்று கேட்பார்கள். பந்தல் படுத்துவிடும் இடம் வேறு. டம்ளர் கழுவத் தண்ணீர் தீர்ந்துபோகும். பத்து மணிக்கு மேல் சாலையை அடைத்துவிட்டதால் ஐஸ் வண்டி கோரிப்பாளையத்தைத் தாண்டி வராது. மேசையை வைத்த இடம் தவறிப்போய், குடிக்க நின்றவர்களும் நடந்து வந்தவர்களும் முட்டிக்கொண்டு போலீஸ்காரரே வந்து மூடச் சொல்லுவார். தண்ணீர், இடம், நேரம் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் மோர் கொஞ்சம் சப்பென்று இருந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வெயிலில் இருபது கிலோமீட்டர் நடந்து வந்தவருக்கு அது அமிர்தம்.

முதலில் நாள். ஊரில் பலர் 'திருவிழா' என்று ஒன்றாகச் சொன்னாலும் மீனாட்சி கோயில் விழா வேறு, அழகர்கோயிலிலிருந்து கள்ளழகர் மதுரைக்கு வந்து வைகையில் இறங்கும் அழகர் விழா வேறு. மாசியில் நடந்து வந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு சேர்த்தார் என்பார்கள். இரண்டும் சேர்ந்தாலும் இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024இல் மாசி வீதித் தேரும், அழகரை மதுரைக்காரர்கள் எதிர்கொண்டு வரவேற்கும் தல்லாகுளம் எதிர்சேவையும் ஒரே நாள், ஏப்ரல் 22. மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கினார். 2025இல் தேர் மே 9, ஆற்றில் இறங்கியது மே 12. போன வருஷக் கணக்கை வைத்துக்கொண்டு பால்காரரிடம் நாள் சொன்னால் ஏமாந்துவிடுவீர்கள். கோயில் விழாப் பத்திரிகை அடித்து வந்ததும் தேதியைப் பார்த்துத்தான் பாலும் தயிரும் சொல்ல வேண்டும். தேரும் எதிர்சேவையும் ஒரே நாளில் வந்தால், காலையில் தேர் பார்த்த கூட்டமே சாயங்காலம் வைகையைத் தாண்டி வடகரைக்கு வந்துவிடும். அந்த வருஷம் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மணி. உச்சி வெயிலுக்குத்தான் மோர் என்று நினைத்துக் காலை பத்து மணிக்குப் பந்தலைத் திறந்து மாலை ஐந்துக்கு மூடுகிறவர்கள் உண்டு. தல்லாகுளம் பக்கத்தில் அது வீண். எதிர்சேவை நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கும் கூட்டம் இரவு முழுக்க வடியாது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள், அழகர் வேஷம் கட்டித் திரி எடுத்து ஆடி வருகிறவர்கள், கிராமத்திலிருந்து மூட்டையோடு வந்து நடைபாதையில் துண்டை விரித்துப் படுக்கிறவர்கள் என எல்லாரும் விடிய விடிய இருப்பார்கள். இரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை பெரும்பாலான பந்தல்கள் காலியாகிவிடும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் தனியாகச் சரக்கு ஒதுக்கி வையுங்கள். காலை ஆறு மணியை ஒட்டி அழகர் ஆற்றில் இறங்கிவிட்டால் கூட்டம் அவர் பின்னாலேயே ராமராயர் மண்டபத்துக்குப் போய்விடும். மதியம் அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சும் தீர்த்தவாரிக்குப் பந்தல் வேண்டிய இடம் அந்தப் பக்கம்தான். தல்லாகுளத்தில் மறுபடி கூட்டம் வருவது மூன்றாம் நாள் இரவு, பூப்பல்லக்குக்கு.

இனி அளவு. அண்டா கணக்கில் பேசுவதுதான் சௌகரியம். 50 லிட்டர் அண்டா ஒன்றுக்கு 10 லிட்டர் கெட்டித் தயிர், 40 லிட்டர் தண்ணீர், 300 கிராம் உப்பு, 150 கிராம் இஞ்சி, 75 கிராம் பச்சை மிளகாய், ஒரு பெரிய கட்டு மல்லித்தழை, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை, 10 கிராம் பெருங்காயத் தூள். 150 மில்லி டம்ளரில் ஊற்றினால், சிந்தியது சிதறியது போக, அண்டாவுக்கு 300 டம்ளர் வரும். 5,000 பேருக்கு 17 அண்டா. அதாவது 170 லிட்டர் தயிர், 680 லிட்டர் குடிதண்ணீர், 5 கிலோ உப்பு. குடிதண்ணீருக்கு 20 லிட்டர் கேன் என்றால் 34.

எல்லாரும் கோட்டை விடுவது இதற்குப் பிறகு வரும் தண்ணீரைத்தான். எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கழுவ, எவ்வளவு சிக்கனமாகக் கழுவினாலும் கால் லிட்டர் வேண்டும். 5,000 முறை கழுவ 1,250 லிட்டர். மோர் வேண்டாம், வெறும் தண்ணீர் கொடுங்கள் என்று கேட்பவர்களும் பாட்டிலில் பிடித்துக்கொள்பவர்களும் இருப்பார்கள், அதற்கு ஒரு 400 லிட்டர். அண்டா அலச, கை கழுவ, தரையில் ஊற்ற இன்னும் கொஞ்சம். எல்லாம் கூட்டினால் 2,500 லிட்டர் கையில் இருக்க வேண்டும். அதுவும் முதல் நாள் மதியத்துக்குள் பந்தலுக்குப் பின்னால் வந்து இறங்கியிருக்க வேண்டும். சாலையை அடைத்த பிறகு லாரி வராது. கேனைத் தோளில் வைத்து அந்தக் கூட்டத்துக்குள் கொண்டு வருவதும் நடக்காத காரியம்.

காகித கப் வாங்கிவிட்டால் கழுவும் வேலை மிச்சம் என்று தோன்றும். பிளாஸ்டிக் பூச்சு உள்ள காகித கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. கடையில் கிடைக்கும் கப் பெரும்பாலும் அந்த வகைதான். தண்ணீர் பாக்கெட்டும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆகவே எவர்சில்வர் டம்ளர், 300 போதும். கழுவுவதற்கு மூன்று டப். முதல் டப்பில் எச்சில் மோர் போக அலசல், இரண்டாவதில் சோப்புத் தண்ணீர், மூன்றாவதில் நல்ல தண்ணீர். மூன்றாவது டப் கலங்கலாகத் தெரிந்த உடனே அது முதல் டப் ஆகிவிட வேண்டும், புதுத் தண்ணீர் கடைசி டப்பில் மட்டும் விழ வேண்டும். இந்த வரிசையை மாற்றாமல் பிடித்தால் தண்ணீர் செலவு நன்றாகக் குறையும். ஊற்றுகிறவர் "தூக்கிக் குடிங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே கொடுக்கட்டும். நம் ஊரில் சொன்னால் கேட்பார்கள்.

தயிரைப் பற்றிச் சில வார்த்தை. 170 லிட்டரை வீட்டில் உறை ஊற்றுவது வேண்டாத வேலை, பால் பண்ணையில் சொல்லிவைத்துக் கேனில் வாங்கிக்கொள்ளலாம். சொந்தமாக உறை ஊற்றத்தான் வேண்டும் என்றால், சித்திரை வெப்பத்தில் நான்கு ஐந்து மணி நேரத்தில் தோய்ந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். முதல் நாள் இரவே ஊற்றி வைத்து மறுநாள் சாயங்காலம் எடுத்தால் முகத்தைச் சுளிக்க வைக்கும் புளிப்பு. சாயங்காலம் ஐந்துக்கு வேண்டிய தயிருக்கு மதியம் பன்னிரண்டுக்கு உறை ஊற்றுங்கள். நள்ளிரவுக்கு மேல் வேண்டியதை ஏழு மணிக்கு ஊற்றுங்கள். 10 லிட்டர் பாலுக்கு 100 மில்லி உறைமோர் தாராளம். புளித்த தயிரில் தண்ணீரைக் கூட்டினால் புளிப்பு குறையாது, சாரம்தான் குறையும். புளிக்காத தயிரோடு கலந்தால்தான் சரியாகும்.

பித்தளை அண்டா பார்க்க லட்சணமாக இருக்கும். ஈயம் பூசாத பித்தளையில் மோர் அரை மணி நேரம் நின்றாலே களிம்பேறிக் கசக்கும், குமட்டும். அலுமினியமும் புளிப்புக்கு ஆகாது. வாடகைக்கு எடுக்கும்போதே எவர்சில்வர் என்று கேட்டு வாங்குங்கள்.

கரைப்பதில் ஒரு முறை இருக்கிறது. தண்ணீர் சேர்ப்பதற்கு முன்னால் கெட்டித் தயிராகவே மத்தால் நன்றாகக் கடைந்து, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கடைந்தால் கட்டி கட்டியாக அடியில் தங்கும். மேலே ஆடை திரண்டிருந்தால் முதலிலேயே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெயிலில் வெண்ணெய் உருண்டு டம்ளர் விளிம்பில் ஒட்டும், அப்புறம் எந்தத் தண்ணீரில் கழுவினாலும் போகாது.

இஞ்சி, மிளகாய், கறிவேப்பிலை எதையும் நறுக்கிப் போட வேண்டாம். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் இருட்டில் மடக்கென்று குடிக்கும் குழந்தைக்கு மிளகாய்த் துண்டு தொண்டையில் சிக்கும். வயதானவர்களுக்குக் கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டு புரையேறும். எல்லாவற்றையும் உப்போடு சேர்த்து அரைத்து, ஒரு குடம் தண்ணீரில் கரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். அண்டாவுக்கு ஒன்று என்ற கணக்கில் விழுதை 17 தூக்குச் சட்டியிலோ டப்பாவிலோ அன்று பகலிலேயே பிரித்து, ஐஸ் பெட்டியில் வைத்துவிட வேண்டும். இரவு மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் யாரையும் உப்பை அளக்க விடக்கூடாது. ஒரே அண்டாவில் இரண்டு பேர் இரண்டு முறை உப்புப் போடுவது அந்த நேரத்தில்தான் நடக்கும்.

ஐஸை மோருக்குள் போடாதீர்கள். பார் ஐஸ் பெரும்பாலும் மீன் பெட்டிக்கும் சரக்கு குளிர வைக்கவும் செய்கிறது, குடிக்கிற தண்ணீரில் செய்ததாக இருக்காது. அண்டாவைவிட அகலமான டப்பில் ஐஸை உடைத்துப் போட்டு, நடுவில் அண்டாவை இறக்கி, சுற்றிலும் ஈரச் சாக்கைக் கட்டினால் போதும். ஐஸ் மீது இரண்டு கை கல் உப்பைத் தூவினால் குளிர்ச்சி சீக்கிரம் இறங்கும். மண்பானையில் வைத்தால் ஐஸே வேண்டாம்தான், ஆனால் ஒரு பானை எண்பது டம்ளருக்கு மேல் வராது, கூட்டத்தில் உடையவும் செய்யும். பானை வெறும் தண்ணீருக்குப் போதும்.

பானகம் வேண்டுமா என்று கேட்பார்கள். வெல்லம் ஒரு கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், நான்கு எலுமிச்சை, சுக்கு, ஏலம். ருசிக்கு ருசி, தெம்புக்குத் தெம்பு. ஆனால் ஈயும் குளவியும் மொய்க்கும், கழுவும் டப் பிசுபிசுத்துப் போகும், சில மணி நேரத்திலேயே புளித்து நுரைக்கும். முதல் வருஷக்காரர்கள் மோரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இடத்தைப் பற்றிச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்தத்தான் வேண்டியிருக்கிறது. 2022 ஏப்ரல் 16 அதிகாலை அழகர் ஆற்றில் இறங்கிய நேரத்தில் நெரிசலில் சிக்கி 2 பேர் இறந்தார்கள். கூட்டம் நகர்கிற வரை யாருக்கும் ஆபத்தில்லை. எங்கே நின்றுவிடுகிறதோ அங்கேதான் நெருக்கும். பந்தல் என்பது கூட்டத்தை நிறுத்துகிற ஒன்று. புண்ணியத்துக்குச் செய்கிற காரியமே ஆளை நெரித்துவிடக்கூடாது. ஆற்றுக்கு இறங்கும் வழி, பாலத்தின் இரு முனை, தெரு திரும்பும் முனை, அழகர் தங்கிப் போகும் மண்டகப்படிகளின் வாசல் ஆகிய நான்கிலும் பந்தல் கூடாது. சாலையை ஒட்டிய காம்பவுண்டுக்குள், குறைந்தது பத்தடி உள்ளே தள்ளிப் போடுங்கள். மேசை சாலைக்கு இணையாக நீளவாக்கில் இருக்க வேண்டும். ஊற்றும் இடம் மூன்று, ஒவ்வொன்றுக்கும் எட்டடி இடைவெளி. ஒரே இடத்தில் நின்று ஊற்றினால் நூறு பேர் குவிவார்கள், மூன்றாகப் பிரித்தால் இருபது இருபதாக நகர்ந்துகொண்டே இருப்பார்கள். வருகிறவர் ஒரு பக்கம் நுழைந்து, அழகர் போகும் திசையிலேயே வெளியேற வேண்டும். வந்த வழியே திரும்பவிட்டால் எதிரும் புதிருமாக மோதல்.

பந்தலுக்கு முன்னால் ஒரு ஆள், வேறு வேலை எதுவும் இல்லாமல், "குடிச்சவங்க முன்னால நகருங்கம்மா, டம்ளரை அந்தக் கூடையில போடுங்க" என்று சொல்லிக்கொண்டே நிற்க வேண்டும். இவர் இல்லாத பந்தல் ஒரு மணி நேரத்தில் திணறிவிடும். கூடையை மேசைக்குப் பக்கத்தில் வைப்பதும் தப்பு. டம்ளர் காலியாவது நாலைந்து எட்டு நடந்த பிறகுதான், கூடை அங்கே இருக்க வேண்டும். தொன்னையில் சாதம் கொடுக்கிறவர்களுக்கு இதே கணக்கு ஐம்பது அடியாகும். ஒருவர் நடந்துகொண்டே சாப்பிட்டு முடிக்கும் தூரம் அது. குப்பைத் தொட்டியைப் பந்தலோடு ஒட்டி வைத்துவிட்டு, ஜனங்கள் தெருவெல்லாம் போட்டுவிட்டார்கள் என்று வருத்தப்படுவதில் நியாயமில்லை.

அழகர் பல்லக்கோ குதிரை வாகனமோ நெருங்குவதற்குக் கால் மணி முன்பே ஊற்றுவதை நிறுத்தி, அண்டாவை மூடி, மேசையை உள்ளே இழுத்துவிடுங்கள். அவர் தாண்டிப் போய்ப் பத்து நிமிஷம் கழித்துத் திறந்தால் போதும். அந்த நேரம் யாரும் மோருக்கு வரவும் மாட்டார்கள். சர்க்கரைச் செம்பில் சூடம் ஏற்றிக் கையில் பிடித்தபடி அத்தனை பேரும் ஏந்தி நிற்பார்கள். தோல் பையில் தண்ணீரைப் பீய்ச்சுகிறவர்கள் இருப்பார்கள். திரி பிடித்து வருகிறவர்கள் இருப்பார்கள். இதனால்தான் தென்னங்கீற்றுப் பந்தல் வேண்டாம் என்பது. கீற்று நிழலுக்கு ஈடில்லை, உண்மைதான். சித்திரையில் காய்ந்த கீற்றுக்கு ஒரு பொறி போதும். தகரம் போடுங்கள், ஓரத்தில் ஈரச் சாக்கும் இரண்டு வாளி மணலும் வையுங்கள். தண்ணீர் பீய்ச்சுகிற இடத்தில் தாழ்வாக ஒயர் தொங்கக்கூடாது. கம்பத்தில் கொக்கி போட்டு மின்சாரம் எடுக்கவே கூடாது. பக்கத்துக் கடையிலிருந்து எடுத்தாலும் கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் டிரிப்பர் உள்ள போர்டிலிருந்து எடுங்கள். இரும்புக் கம்பத்தில் டியூப் லைட்டைக் கட்டி, கீழே மோர் சிந்திய ஈரத் தரை என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தரைக்கு இன்னொரு விஷயம். நேர்ந்துகொண்டு வருகிறவர்கள் செருப்பில்லாமல் வருவார்கள். மோர் சிந்திய சிமெண்டுத் தரை எண்ணெய் போல வழுக்கும். சாக்கை நனைத்து விரித்துவிட்டு, அது ஊறிப்போனால் மாற்றுங்கள். பகலில் தார்ச்சாலை கொதிக்கும்போது, கழுவிய டப்பின் கடைசித் தண்ணீரைப் பந்தல் முன்னால் ஊற்றிவிட்டால் காலுக்கு இதமாக இருக்கும்.

மாசி வீதிகளில் தேர் நாளில் போடும் பந்தலுக்குச் சட்டம் வேறு. தேர் தெருவை அடைத்துக்கொண்டு வரும். மூலையில் திரும்பும்போது வடம் நேராக இருக்கப் பார்க்கும், உள்மூலையை அறுத்துக்கொண்டு போகும். அந்த மூலையில் மேசை போட்டவர் கதி அதோகதி. அங்கே கடைத் திண்ணைக்கு வெளியே ஒரு முழம்கூட நீட்டக்கூடாது. ஊற்றுவது தேர் வருவதற்கு முன்னும் போன பின்னும்தான். வடம் பிடித்து வருகிறவர்களுக்குப் பக்கவாட்டுச் சந்துக்குள் நின்று கொடுக்கலாம்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு, மாநகராட்சியிடமும் காவல் நிலையத்திலும் எழுத்தில் தகவல், இவை திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பே முடிய வேண்டும். கடைசி நாளில் எல்லாருமே போய் நிற்பார்கள்.

ஒரு முறைக்கு எட்டு பேர் வேண்டும். ஊற்ற மூவர், கழுவ இருவர், கரைக்க ஒருவர், தண்ணீர் தூக்க ஒருவர், முன்னால் நிற்க ஒருவர். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். கழுவுகிறவரை இரண்டு மணி நேரத்துக்கே மாற்றிவிடுங்கள், இடுப்பு விட்டுப்போகும்.

மயங்கி விழுகிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள். நினைவில்லாதவர் வாயில் மோரையோ தண்ணீரையோ ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். நிழலில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் ஒற்றி, விசிறிவிட்டு, 108க்குச் சொல்லுங்கள். நினைவோடு தளர்ந்து உட்கார்ந்திருப்பவருக்கு ஓஆர்எஸ் கொடுக்கலாம். ஒரு பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். பாதியைக் கொட்டி ஒரு டம்ளரில் கலக்குவது தவறு. இருபது பாக்கெட்டும் ஒரு லிட்டர் அளவுச் செம்பும் தனியாக எடுத்து வையுங்கள்.

தை மாதத் தெப்பத்துக்கும் இதே ஆட்கள் வண்டியூர்த் தெப்பக்குளத்தில் மோர்ப் பந்தல் போட்டுவிட்டு, குடிக்க ஆளில்லையே என்று விழிப்பதுண்டு. தை இரவில் பனி இறங்கும். அங்கே சுக்கு காபியும் சுண்டலும்தான் போகும்.

கடைசி இரண்டு அண்டாவை முழுதாகக் கரைக்காதீர்கள், பாதி பாதியாகக் கரையுங்கள். மிஞ்சிய மோரை வாய்க்காலில் ஊற்றினால் மதியத்துக்குள் தெருவே நாறும். டம்ளரை எண்ணுங்கள். 300 கொடுத்தால் 260 வந்தாலே நல்ல வரவு, வாடகைக் கடைக்கு அந்த நாற்பதின் விலையை முன்கூட்டியே செலவில் எழுதிவிடுங்கள். பந்தல்காலைப் பிடுங்கிய குழிகளை அன்றைக்கே மண் போட்டுக் கல்லால் இடித்து மூடித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போங்கள். மூன்றாம் நாள் இரவு பூப்பல்லக்கு பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்தபடி, வெறுங்காலோடு, அதே இடத்தில்தான் நடப்பார்கள்.